ஏழடிக் கோல், இரண்டு துண்டு

"அண்ணே, ஒரே ஒரு ராட்தான் வாங்க முடியும். ராடும் ரீலும் சேர்த்து ஐயாயிரத்துக்குள்ள வரணும். ஏரிக்கும் போவேன், கழிக்கும் போவேன். எது வாங்கட்டும்?"

முட்டுக்காடு உப்பங்கழிக் கரையில் இந்தக் கேள்வி என் காதில் விழாத மாதம் இல்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதுக்காரர்கள். மாநகரப் பேருந்தில் வருவார்கள், அல்லது ஒரே வண்டியில் இரண்டு பேராக வருவார்கள். கொடுவா பிடிக்கும் காணொலி ஒன்றைப் பார்த்துவிட்டு, அந்த ஆசையில் முதல் சம்பளத்தில் ஒரு பங்கை எடுத்து வைத்திருப்பார்கள். அந்தப் பணம் வீணாகக் கூடாது என்கிற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு பிராண்டின் பெயரைச் சொல்லிக் கேள்வியை முடித்துவிடலாம். ஆனால் அது உதவி ஆகாது. ஒரே பெயரில் நல்ல கோலும் வருகிறது, மோசமான கோலும் வருகிறது. இந்த ஆண்டு கிடைக்கும் மாடல் அடுத்த ஆண்டு கடையில் இருப்பதில்லை. கோல் எதனால் ஆனது, எங்கே உடைகிறது, நாம் கொடுக்கும் பணம் அதில் எந்தப் பகுதிக்குப் போகிறது என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் ஏமாறாமல் வாங்கலாம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏழடி நீளம், இரண்டு துண்டு, 'மீடியம் லைட்' அல்லது 'மீடியம்' பலம், கார்பனும் கண்ணாடியிழையும் கலந்தது அல்லது சாதாரண 24 டன் கார்பன். இந்த வரம்புக்குள் வரும் பத்துக் கோல்களில் எதை எடுப்பது என்பதை நடு இணைப்பையும், நரம்பு ஓடும் வளையங்களையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கோலின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் கார்பன் எண்ணைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

காவிரிப் பாசனத்தில் இருக்கும் எங்கள் ஊரில் தூண்டில் என்றால் மூங்கில் கழிதான். சித்தப்பா கல்மூங்கிலில் மெல்லியதாக ஒன்றைப் பார்த்து வெட்டி, வைக்கோல் தீயில் வாட்டி நிமிர்த்தி, நுனியில் நரம்பைக் கட்டுவார். மயிலிறகுக் காம்பு மிதப்பு, மண்புழு இரை. கழி எவ்வளவு நீளமோ ஏறத்தாழ அவ்வளவுதான் நரம்பு. வாய்க்கால் கெண்டைக்கும் கெளுத்திக்கும் அது போதும். கரையிலிருந்து முப்பது மீட்டர் தள்ளி மீன் துள்ளினால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அந்தக் கல்மூங்கிலுக்கு உலகத் தூண்டில் வரலாற்றில் ஓர் இடம் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் மேலை நாட்டுக் கைவினைஞர்கள் மூங்கிலைப் பிளந்து, கீற்றுகளாகச் சீவி, ஆறு கீற்றுகளைச் சேர்த்து ஒட்டிக் கோல் செய்யக் கற்றபோது அவர்கள் முதலில் கையாண்டது இந்திய மூங்கிலைத்தான். 'கல்கத்தா மூங்கில்' என்று அதை அழைத்தார்கள். நம் கல்மூங்கிலுக்கு இன்றும் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் உண்டு. பிற்பாடு தென்சீனத்தின் டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை வெளியிட்டார். 1887இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதைப் பற்றியே தனியாக இன்னொரு நூல் எழுதினார். அந்தக் காலத்துக் கோல்கள் இரண்டு மூன்று துண்டுகளாக வந்தன. பித்தளை அல்லது நிக்கல் வெள்ளிக் குழல்கள் துண்டுகளை இணைத்தன. ஆகவே இரண்டு துண்டுக் கோல் என்பது பணமில்லாதவருக்காகச் செய்த மட்ட ரகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். துண்டுகளாகப் பிரித்து எடுத்துப் போவதுதான் பழைய வழக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவில் கண்ணாடியிழைக் கோல்கள் வந்தன. ஷேக்ஸ்பியர் நிறுவனத்தின் 'ஒண்டர்ராட்' அவற்றுள் புகழ்பெற்றது. கார்பன் இழையை 1960களில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வுக்கூடம் வலுவான பொருளாக வளர்த்தெடுத்தது. 1971இல் ஜப்பானின் டோரே நிறுவனம் அதை வணிக அளவில் தயாரிக்கத் தொடங்கியது. 1973இல் ஃபென்விக் நிறுவனம் அமெரிக்காவில் கார்பன் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டில், 1976இல், ஷேக்ஸ்பியர் இரண்டு இழைகளையும் கலந்து 'அக்லி ஸ்டிக்' என்ற கோலை வெளியிட்டது. அரை நூற்றாண்டு ஆகியும் அந்தப் பெயர் கடைகளில் தொங்குகிறது. குறைந்த விலையில் அடிதாங்கும் கோல் வேண்டும் என்ற தேவைக்கு அந்தக் கலப்பு சரியான விடையாக இருந்ததே காரணம்.

கண்ணாடியிழையையும் கார்பனையும் ஒப்பிட்டால், ஒரே கனத்துக்குக் கார்பன் இழை சுமார் மூன்று மடங்கு விறைப்பு, எடையும் குறைவு. அதனால் கார்பன் கோலை மெல்லிய சுவரோடு செய்யலாம். ஏழடிக் கார்பன் கோல் 120, 130 கிராமுக்கு வந்துவிடும். முழுக் கண்ணாடியிழையில் அதே கோல் 200 கிராமைத் தாண்டும். காலை ஐந்தரையிலிருந்து ஒன்பது வரை வீசினால் இருநூறு முறையாவது வீசுவோம். மணிக்கட்டுக்கு அந்த எண்பது கிராம் தெரியும். மீன் இரையை மெல்ல முகர்ந்துவிட்டுப் போவதும், சேற்றில் லூர் என்ற செயற்கை இரை உரசுவதும் கார்பனில் கைக்கு வந்து சேரும். கண்ணாடியிழை அதை விழுங்கிவிடும்.

ஆனால் மெல்லிய சுவருக்கு ஒரு விலை உண்டு. கார்பன் கோல் மீன் இழுத்து உடைவது அபூர்வம். பாறையில் சாத்தி வைத்து விழுந்தது, ஈயக்குண்டு வந்து நுனியில் மோதியது, வண்டியில் கட்டி வரும்போது கைப்பிடிக் கம்பியில் அடிபட்டது என்று எங்கோ பட்ட அடிதான் கண்ணுக்குத் தெரியாத கீறலாகத் தங்கி, பிறகொரு நாள் மீன் மேல் பழியைப் போட்டு முறிகிறது. கண்ணாடியிழை இந்த அடிகளைத் தாங்கும். புதிதாகக் கற்பவர் கோலை எங்கேயாவது இடிப்பார், அது இயல்பு. ஆகவே முதல் கோலுக்குக் கலப்புக் கோல் நல்லது. எடை ஒரு 160 கிராம் இருந்தாலும் பரவாயில்லை.

இங்கேதான் அந்த எண் வருகிறது. 24 டன், 30 டன், 40 டன் என்று எழுதியிருக்கும். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை டன் என்ற கணக்கில் இழையின் விறைப்பைச் சொல்லும் அளவு அது. பலரும் அதை வலிமையின் அளவாக எடுத்துக்கொள்கிறார்கள். 40 டன் கோல் 24 டன் கோலைவிடப் பெரிய மீனைத் தாங்கும் என்று நினைத்து வாங்குகிறார்கள். விறைப்பு வேறு, வலிமை வேறு. விறைப்பான இழையில் கோல் இலேசாகும், துடிப்பாகும். அடிபட்டால் முறிவதும் எளிதாகும். மேலும் அந்த எண் கோலில் அந்த இழை எத்தனை பங்கு இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இழைகளைப் பிணைக்கும் பிசின் நல்லதா என்பதையும் சொல்வதில்லை. 1,500 ரூபாய்க் கோலில் 40 டன் என்று எழுதியிருந்தால், அந்த எழுத்துக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.

நீளத்துக்கு வருவோம். தூரம் போக வேண்டும் என்ற ஆசையில் பத்தடி, பன்னிரண்டடி என்று வாங்குபவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். மீன் ஒரு கிலோ விசையில் இழுக்கிறது. ஏழடிக் கோல் வளைந்து நிற்கும்போது நுனிக்கும் உங்கள் முன்கைக்கும் இடையே ஒன்றரை மீட்டர் என்று வையுங்கள். இரண்டு கைகளுக்கும் நடுவே 25 சென்டிமீட்டர். அந்த ஒரு கிலோவுக்கு எதிராகப் பின்கை ஆறு கிலோ விசை தர வேண்டும், முன்கை ஏழு கிலோ தாங்க வேண்டும். பிடிக்கும் இடைவெளி மாறாமல் கோலை மட்டும் நீட்டினால் இந்தச் சுமை ஏறிக்கொண்டே போகும். கோல் ஒரு நெம்புகோல். அதன் நீண்ட பக்கம் எப்போதும் மீன் கையில் இருக்கிறது.

இன்னொரு பக்கம், ஆறடிக்குக் கீழே போனால் வீச்சுத் தூரம் குறைகிறது, கரையோரக் கோரைக்கு மேலே நரம்பைத் தூக்கிப் பிடிக்க முடிவதில்லை. ஏழடி என்பது 213 சென்டிமீட்டர். இரண்டாகப் பிரித்தால், இணைப்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதியையும் சேர்த்து, ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் இருக்கும். பேருந்தில் இரண்டு முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொள்ளலாம். வண்டியில் முதுகுப் பையோடு சேர்த்துக் கட்டினாலும் தலைக்கு மேல் அதிகம் துருத்தாது. ஏழரை அடியும் சரிதான். எட்டடிக்கு மேல் போனால் பேருந்துப் பயணம் சிரமம் ஆகும்.

பலமும் வீச்செடையும் கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் இருக்கும். எம்.எல். என்றால் மீடியம் லைட், எம். என்றால் மீடியம். பக்கத்தில் 7–21 கிராம், 10–30 கிராம் என்று ஒரு எடை வரம்பு. பல பேர் படிக்காமல் விடுவது இதைத்தான், கோலில் மிகவும் பயனுள்ள எழுத்தும் இதுதான். கழியில் நாம் போடும் ரப்பர் இறால், சிறிய பாப்பர், 15 கிராம் ஸ்பூன், ஏரியில் விராலுக்குப் போடும் தவளை லூர், இறாலைக் கோத்துப் போடும்போது கட்டும் ஈயக்குண்டு எல்லாம் 10லிருந்து 25 கிராமுக்குள் வரும். ஆகவே 10–30 கிராம் என்று எழுதிய கோல் நமக்குப் பொருந்தும். வரம்பின் உச்சியில் இருக்கும் எடையை முழு வேகத்தில் வீசாதீர்கள். நடுப் பகுதிதான் கோல் நன்றாக வேலை செய்யும் இடம்.

ஒரு கோலால் பிடிக்கக்கூடிய மீன்களின் பட்டியல் நீளமானது. கழியில் இரண்டு மூன்று கிலோ கொடுவா, செப்பிலி, சிறிய பாறை. ஏரியில் விரால், ஜிலேபி, கெளுத்தி. மணற்பாங்கான கரையில் கிழங்கான். "சீலாவுக்கு இது தாங்குமா?" என்று கேட்டால் மட்டும் நான் முதலில் ஊரைக் கேட்பேன். சென்னையில் சீலா என்றால் ஊசிப் பல்லும் நீண்ட உடலும் கொண்ட மீன். அது கரையோரம் சிறிய அளவில் வரும், இந்தக் கோலுக்கு ஏற்றது. தூத்துக்குடிப் பக்கம் சீலா என்றால் வஞ்சிரம். அதற்குப் படகும் வேறு கோலும் வேண்டும்.

வளைவைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 'ஃபாஸ்ட்' என்றால் நுனி மட்டும் வளையும், 'மாடரேட்' என்றால் பாதி வரை வளையும். லூரும் போட வேண்டும், இரையும் போட வேண்டும் என்பவருக்கு இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 'மாடரேட் ஃபாஸ்ட்' பொருந்தும். அது கிடைக்காவிட்டால் ஃபாஸ்ட் எடுங்கள்.

இனி இணைப்பு. இதை விரிவாகச் சொல்வதற்குச் சொந்த அனுபவம் ஒரு காரணம்.

என் முதல் ராட் 900 ரூபாய். நகரத்தில் ஒரு கடையில் பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் வாங்கினேன். மூன்றாவது மாதம், கோவளத்தில் ஒரு காலை, வீசிய வேகத்தில் நுனித்துண்டு கழன்று லூருக்குப் பின்னாலேயே நரம்பில் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் போனது. சுற்றி இழுத்து மீட்டு, அவசரமாகச் செருகி மறுபடியும் வீசினேன். இந்த முறை ஒரு சத்தம் கேட்டது, காய்ந்த விளாறு முறிவதுபோல. கழற்றிப் பார்த்தால் நுனித்துண்டின் வாயில், நீளவாக்கில், மயிரிழை அளவுக்கு ஒரு கீறல். நகத்தால் தடவினால்தான் தெரிந்தது. அந்த வாயைச் சுற்றி நூல் கட்டே இல்லை, வெறும் வண்ணப்பூச்சுதான் இருந்தது. கோல் அதோடு முடிந்தது.

அன்று தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இரண்டு துண்டுக் கோலில் இணைப்பு மூன்று விதமாக வரும். நுனித்துண்டு அடித்துண்டின் மேல் தொப்பி போல ஏறுவது ஒன்று. விலை குறைந்த கோல்களில் நான் அதிகம் பார்ப்பது இதைத்தான், நன்றாகச் செய்தால் எந்தக் குறையும் இல்லை. நுனித்துண்டு அடித்துண்டின் உள்ளே இறங்குவது இன்னொன்று. மூன்றாவதில், அடித்துண்டின் வாயிலிருந்து தனியாக ஒரு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும், நுனித்துண்டு அதில் செருகும். இந்த மூன்றாவது வகையில் முழுவதும் செருகிய பிறகும் இரண்டு துண்டுகளுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரியும். அது குறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். தேயத் தேய உள்ளே இறங்குவதற்காக விட்டிருக்கும் இடம் அது.

எந்த வகையானாலும் பெண்பாகத்தின், அதாவது மற்றதை உள்ளே வாங்கும் துண்டின், வாயைச் சுற்றி நூல் இறுக்கமாகச் சுற்றி, மேலே பிசின் பூசியிருக்க வேண்டும். கோல் வளையும்போது உள்ளே இருக்கும் துண்டு வாயைப் பிளக்கப் பார்க்கும். அதைத் தடுப்பது அந்த நூல் கட்டுதான். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை செய்யும் வேலையை அது செய்கிறது. கட்டு இல்லாத கோலைத் தொடாதீர்கள். செருகிப் பாருங்கள், வளையங்கள் நேராக வரும்படி மெல்லத் திருகி இறுக்குங்கள். கோலை இலேசாக ஆட்டினால் இணைப்பில் 'டிக் டிக்' என்று சத்தம் வரக் கூடாது. கழற்றும்போது சிறிது பலம் தேவைப்பட வேண்டும், கடைசியில் ஒரு சிறு சத்தத்தோடு விட வேண்டும். தொட்டதும் கழன்றால் மூன்றே மாதத்தில் என் கதைதான்.

ஒரே துண்டுக் கோல்தான் உணர்வு நன்றாகத் தரும் என்பார்கள். துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் சுவர் இரட்டிப்பாவதால் அங்கே கோல் அதிகம் வளையாது என்பது உண்மை. அந்த வித்தியாசத்தைப் பத்தாண்டு பழகிய கை ஒருவேளை பிரித்தறியும். என்னால் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிவதில்லை. பேருந்தில் ஏற்ற முடியாத ஏழடிக் கழியை வாங்கி வீட்டுப் பரணில் போடுவதைவிட இது மேல்.

டெலஸ்கோப் ராட் என்று ஒன்றுக்குள் ஒன்று போகும் கோல்கள் இன்னும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. பைக்குள் அடங்கிவிடும் என்பது பெரிய வசதிதான். ஆனால் இரண்டு துண்டுக் கோலில் ஒரே இணைப்பு, இதிலோ ஐந்தாறு இணைப்புகள். கடற்கரையில் ஒரு நாள் வைத்தால் மணல் உள்ளே போய் ஒவ்வொன்றும் தேயத் தொடங்கும். வளையங்களும் இணைப்பு வரும் இடத்தில்தான் உட்கார முடியும், கோல் கேட்கும் இடத்தில் உட்கார முடியாது. இரை போட்டுக் காத்திருப்பவருக்குப் போதும். நாள் முழுவதும் லூர் வீசுபவருக்கு ஆகாது.

அடுத்தது வளையம், நம் பையன்கள் சொல்லும் 'கைடு'. முன்பெல்லாம் எல்லோரும் நைலான் நரம்புதான் போட்டார்கள். இப்போது பிரெய்டு வந்துவிட்டது. மெல்லிய நூலாகப் பின்னிய அது உப்பும் மண்ணும் சேர்ந்து ஓடும்போது அரம்போல அறுக்கும். வளையத்தின் உள்ளே பீங்கான் போன்ற ஒரு பட்டை இருக்கும். அலுமினியம் ஆக்சைடு பட்டை நமக்குப் போதும், சிலிக்கான் கார்பைடு இருந்தால் இன்னும் நல்லது. உள்பட்டையே இல்லாத வெறும் கம்பி வளையத்தில் பிரெய்டு போட்டால் கோடு விழுந்துவிடும். பிறகு அந்தக் கோடு நரம்பை அறுக்கும்.

கடைக்குப் போகும்போது காது குடையும் பஞ்சுக் குச்சி இரண்டு எடுத்துப் போங்கள். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். பஞ்சு இழை எங்கேயாவது சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. நுனி வளையத்தை இரண்டு முறை பாருங்கள், அதிகம் தேய்வதும் அடிபடுவதும் அதுதான். ஏழடிக் கோலுக்கு நுனி வளையம் தவிர ஏழெட்டு வளையங்கள் இருப்பது நல்லது. ஐந்துதான் இருக்கிறது என்றால் கோல் வளையும்போது நரம்பு வளைவை விட்டு விலகி, சுமை ஒரே இடத்தில் விழும். ஸ்பின்னிங் கோலில் கைப்பிடிக்கு அடுத்த வளையம் பெரியதாக இருக்க வேண்டும். ரீலிலிருந்து சுருள் சுருளாக வரும் நரம்பை அதுதான் அடக்குகிறது. பிறகு கோலைத் துப்பாக்கி போலக் கண்ணுக்கு நேரே பிடித்து, எல்லா வளையங்களும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள்.

கைப்பிடி கார்க்கா நுரையா என்பது அவரவர் விருப்பம். நுரை மலிவு, வியர்வைக்கும் உப்புக்கும் கவலை இல்லை. ரீல் உட்காரும் இடத்தில் மரை சுத்தமாகச் சுற்ற வேண்டும், இறுக்கிய பின் ரீல் அசையக் கூடாது. முடிந்தால் உங்கள் ரீலை எடுத்துப் போய் மாட்டிப் பாருங்கள். ரீலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கும்போது கோல் ஓரளவு சமமாக நின்றால் நல்லது. நுனி தொபுக்கென்று கீழே போனால் மணிக்கட்டு வலிக்கும்.

இப்போது பணக் கணக்கு. ஐயாயிரம் ரூபாயில் கோலுக்கு 2,000, ரீலுக்கு 2,000, மிச்சம் நரம்புக்கும் லீடருக்கும் நாலைந்து லூருக்கும் என்று பிரிப்பேன். ரீல் 2500 அல்லது 3000 அளவு. நரம்பு பி.இ. 1 அல்லது 1.2 பிரெய்டு, முன்னால் ஒரு மீட்டருக்கு 25 பவுண்டு லீடர். நான் கடைகளில் பார்த்த வரையில் 1,000 ரூபாய்க்குக் கீழே இருக்கும் கோல்களில் வளையமோ இணைப்போ ஏதோ ஒன்று குறைபடுகிறது. 1,500இலிருந்து 2,500க்குள் பொறுமையாகத் தேடினால் பல ஆண்டு உழைக்கும் கோல் கிடைக்கும். 4,000க்கு மேல் போனால் எடை குறையும், அழகு கூடும். பிடிக்கும் மீன் கூடாது. ராடும் ரீலும் சேர்த்து ஒரே பெட்டியில் விற்கும் 'காம்போ'வில் ரீலின் தரத்தைத்தான் குறைத்திருப்பார்கள், அதில் சுற்றி வரும் நரம்பைக் கழற்றிவிட்டு வேறு போடத்தான் வேண்டியிருக்கும். ஆகவே தனித்தனியாக வாங்குவதே என் பரிந்துரை.

எல்லாவற்றுக்கும் உதவும் கோல் என்று ஒன்றைச் சொல்லும்போது, அது உதவாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். மெரினா போன்ற திறந்த கடற்கரையில், அலைக்கு அப்பால் 80 கிராம் ஈயம் போட வேண்டிய இடத்தில், இது ஆகாது. தாமரையும் ஆகாயத்தாமரையும் மூடிய ஏரியில் விராலைச் செடியோடு சேர்த்துப் பிடுங்கி இழுக்க இதைவிட விறைப்பான கோல் வேண்டும். நீலகிரி டிரவுட் மீனுக்கு இது கனம். 1863இல் பிரான்சிஸ் டே முயன்று, பின்னர் ஹெச்.சி. வில்சன் காலத்தில் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்து வளர்த்த அந்த மீனுக்கு, ஐந்து கிராம் ஸ்பூனை வீசும் ஆறடி 'அல்ட்ரா லைட்' கோல்தான் சரி. அங்கே அனுமதிச் சீட்டும் வேண்டும். சமவெளி ஏரிகளிலும் மீன் பாசி குத்தகைக்கு விடப்பட்டிருக்கும், கேட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

வாங்கிய கோலைக் காப்பது பெரிய வேலை இல்லை. கழியிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் வளையங்களையும் ரீல் சீட்டையும் கழுவுங்கள். வளையத்தின் கால், நூல் கட்டுக்குள் நுழையும் இடத்தில்தான் துரு தொடங்கும். நிழலில் உலர்த்திய பிறகு உறையில் போடுங்கள். துண்டுகளை இணைத்தபடியே வாரக்கணக்கில் வைத்தால் இறுகிக்கொள்ளும். அப்படி இறுகிவிட்டால் திருகாதீர்கள், வளையத்தைப் பிடித்தும் இழுக்காதீர்கள். இணைப்புக்கு இரு பக்கமும் பிடித்து நேராக இழுங்கள். இணைப்பு தளர்ந்தால் ஆண்பாகத்தில் மெழுகுவர்த்தியை மெல்லத் தேய்த்து, அதிகமானதைத் துணியால் துடையுங்கள். வீசும்போது இருபது முப்பது வீச்சுக்கு ஒரு முறை இணைப்பைத் தொட்டுப் பார்த்து இறுக்குங்கள். மீன் கரைக்கு வந்ததும் கோலைத் தலைக்கு மேல் செங்குத்தாகத் தூக்கி இழுக்காதீர்கள். அப்போது முழுச் சுமையும் மெல்லிய நுனிக்குப் போகிறது. வலை இல்லையென்றால் நரம்பைக் கையால் பிடித்து மீனைத் தூக்குங்கள்.

கார்பனைப் பற்றி உயிர் தொடர்பான ஒன்றும் இருக்கிறது. அது மின்சாரத்தைக் கடத்தும். கலப்புக் கோலிலும் கார்பன் இருக்கிறது. வாய்க்கால் கரையிலும் ஏரிக் கரையிலும் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகள் நம் ஊரில் எத்தனையோ உண்டு. வீசும் முன் அண்ணாந்து பாருங்கள். இடி இடித்தால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் கரையை விட்டு விலகிப் போங்கள்.

கடைக்குப் போகும் தம்பிகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பஞ்சுக் குச்சியையும் ரீலையும் எடுத்துக்கொண்டு பகல் வெளிச்சத்தில் போங்கள். பெட்டியைப் பிரித்து, இரண்டு துண்டையும் செருகி, வளைத்துப் பார்க்கக் கடைக்காரர் சம்மதித்தால் அங்கே வாங்குங்கள். சம்மதிக்காவிட்டால், அது எவ்வளவு தள்ளுபடியில் இருந்தாலும், அடுத்த கடைக்கு நடங்கள்.